பதினாலடி வழி

கொட்டேஷன் மூணும் கையோட கொண்டுவந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அதைச் சித்த நேரம் அப்படி ஓரமா வெச்சுட்டு உக்காருங்க அம்மிணி. அந்த சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? குடிங்க, வெயில்ல வந்துருக்கறீங்க.

தெருக்கோடியில புது ஊடு கட்டி வந்துருக்கறது நீங்கதான்னு தெரியும். பால் காய்ச்சுன அன்னைக்கு நான் ஊர்ல இல்லீங்க, இருந்திருந்தா வந்துருப்பேன். கேட்டுல இருந்து வாசல் வரைக்கும் கல்லு பதிக்கோணும், போற வழியில எங்க வழியப் பாத்தீங்க, புடிச்சுப் போச்சு, ஆரு போட்டதுன்னு கேக்க வந்துருக்கறீங்க. சரியான ஆள்கிட்டத்தான் வந்துருக்கறீங்க. இந்த கோபி வட்டாரத்துல கல்லு கொட்டேஷனை என்னை மாதிரி அலசிப் பாத்த பொம்பளை இருக்க மாட்டா. ஊட்டைக் கட்டிப்பாருன்னு சொன்னாங்க, கல்யாணத்தைப் பண்ணிப்பாருன்னு சொன்னாங்க. வழியப் போட்டுப்பாருன்னு சொல்ல ஒருத்தருக்கும் தோணலை பாருங்க.

கொடுங்க, பாக்கறேன். ம்... இவன் சதுர அடிக்குக் கம்மியாப் போட்டுருக்கறான். ஓரக்கல்லைச் சேக்கலை பாருங்க. அதைப் பின்னால கேப்பான். கம்மி ரேட்டைப் பாத்து மயங்கிறாதீங்க. கல்லு மேல தெரியறது. அடியில எத்தனை ஜல்லி போடறாங்கறதுதான் சங்கதி. இருங்க, அவசரமில்லை. என்ற கதையக் கேட்டீங்கன்னா உங்களுக்கே எல்லாம் வெளங்கிரும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த வழி பூராவும் எங்களுது இல்லீங்க. அகலம் பதினாலடி. அதுல ஏழடி எங்களுது, ஏழடி அதா அந்த ஊட்டுக்காரங்களுது. அங்க இருக்கறவரு எங்கூட்டுக்காரரோட அண்ணன், சென்னியப்பன்னு பேரு. எனக்கு மூத்தாரு. அவரு சம்சாரம் மயிலாத்தா, எனக்கு ஓரகத்தி. அவகூட நான் பேசறதில்லீங்க. வருசக்கணக்காச்சு.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. நான் சண்டைக்காரி இல்லீங்க, ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நாங்க இந்த ஊட்டைக் கட்டறப்ப வாஸ்துக்காரரு தரையத் தூக்கிக் கட்டச் சொன்னாரு, தூக்கிக் கட்டினோம். மேட்டுல பேஞ்ச மழைத் தண்ணி பள்ளத்துக்குத்தான போகும்? அது நேரா மயிலாத்தா சமையக்கட்டு வாசல்ல போய் நின்னுக்கிச்சு. அதுக்கு நான் என்னங்க பண்றது? தண்ணிக்கு நானா வழி சொல்லிக் குடுத்தேன்? எங்க புதுமனை அன்னைக்கு, ஒறம்பரை சனமெல்லாம் பந்தியில உக்காந்துருக்கறப்ப, "எங்க ஊட்டை முழுகடிச்சுப்போட்டு நீ மேட்டுல உக்காந்துக்கிட்டே"ன்னு கேட்டுப்போட்டா. பாயசம் பரிமாறிட்டிருந்த எனக்கு எப்படி இருக்கும்? நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன். ரெண்டே வார்த்தைதான். அவளும் எலையை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுட்டா.

அதுல இருந்து இந்தப் பதினாலடியும் வெறும் மண்ணாவே கெடந்துச்சு. நான் கல்லு போட்டா அவ சொகமா நடப்பா. அவ போட்டா நான் நடப்பேன். அதனால ரெண்டு பேரும் போடலை. மழை வந்தா ரெண்டு பேரும் செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் போவோம்.

அப்பத்தான் எங்க சிந்துஜாவுக்கு வரன் அமைஞ்சுது. ஒரே பொண்ணுங்க. மாப்பிள்ளை ஊடு காங்கயம், நல்ல சனம். ஆவணியில நிச்சயம்னு பேசி முடிச்சோம். எங்க பக்கம் நிச்சயத்துல உப்புச் சக்கரை மாத்துவோம். ரெண்டு ஊட்டுக்காரங்களும் தட்டு மாத்திக்குவாங்க. பொண்ணு ஊட்டுத் தட்டைக் குடும்பத்துல மூத்தவருதான் கையில வாங்கோணும். எங்க குடும்பத்துல மூத்தவருன்னா அவருதான், சென்னியப்பன். சின்னதுல சிந்துஜாவைத் தோள்ல இருந்து எறக்கவே மாட்டாரு. லாரி ஓட்டிட்டு எந்த ஊர்ல இருந்து வந்தாலும் அவளுக்குன்னு ஒரு பொட்டலம் இருக்கும். இந்தப் பிள்ளை என்ன சொல்லிப்போட்டான்னா, "பெரியப்பா தட்டு வாங்கோணும். இல்லாட்டி நிச்சயத்தைத் தள்ளி வெச்சுக்கலாம்"னுட்டா. அப்படியே என்ற பிடிவாதம். இல்லை இல்லை, அவங்கப்பா பிடிவாதம்.

இதுல சிக்கல் என்னன்னா, மூத்தாருக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னால வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சுங்க. அப்பறம் மெல்லத் தேறி, வாக்கர் புடிச்சு ஊட்டுக்குள்ள நடக்கறாரு. வெளிய வர முடியறதில்லை. காலையில வாசப்படி எறங்குவாரு, வாக்கரை மண்ணுல வெப்பாரு, அது ஒரு பக்கம் புதையும். சித்த நேரம் நிப்பாரு. திரும்பி உள்ள போயிருவாரு. எங்க சமையக்கட்டு சன்னல்ல நின்னா இதெல்லாம் தெரியும். நான் வேணும்னு பாக்கறதில்லீங்க, கண்ணுல படுது.

நாற்காலியில உக்கார வெச்சு நாலு பேரு தூக்கிட்டு வந்தா ஆச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அதுக்கு அவங்கண்ணன், "நடந்து வர முடிஞ்சா வர்றேன். தூக்கிட்டு வந்து எறக்கறதுக்கு நான் என்ன உற்சவ மூர்த்தியாடா"ன்னு கேட்டாராம். எங்கூட்டுக்காரரு அங்கயெல்லாம் போறதில்லீங்க, என்னை மீறிப் போகவும் மாட்டாரு. ரோட்டுல பாத்தப்பச் சொன்னாராம்.

நான் ஆரு கால்லயும் போய் விழறவ இல்லை. வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்னு இருந்துட்டேன். ஆனா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கார்ல வருவாங்க, சேத்துல எறங்க முடியுங்களா? அதுக்காகத்தான், அதுக்காக மட்டுந்தான், என்ற ஏழடிக்குக் கல்லு போட்டரலாம்னு முடிவு பண்ணுனேன்.

மொதல்ல வந்தவரு ராஜமாணிக்கம். வெள்ளைச் சட்டை, ரெண்டு செல்போனு. டேப்பை இழுத்து அளந்துட்டு, "வாட்டம் எந்தப் பக்கம் வெக்கட்டுங்க"ன்னாரு. வாட்டம்னா தெரியுமில்ல, மழைத் தண்ணி நிக்காம ஓடறதுக்குத் தரையை ஒரு பக்கமாச் சாய்க்கறது. நீங்களும் இதைக் கண்டிப்பாக் கேளுங்க, பல பேரு எழுதவே மாட்டானுங்க. "உங்க ஏழடிய அந்த ஊட்டுப் பக்கமாச் சாச்சுட்டம்னா உங்க வாசல்ல ஒரு சொட்டு நிக்காதுங்க. வேலையும் சுலுவு, காசும் கம்மி"ன்னாரு. அருமையான யோசனைதான். வேண்டாம்னுட்டேன். ஏன்னு கேக்கறீங்களா? அவ மறுபடியும் நாலு பேருக்கு முன்னால பேசுவா. அதுக்குத்தான். சமையக்கட்டு வாசல்ல தண்ணி நின்னா அந்த மனுசன் வழுக்கி விழுந்துருவாருங்கறதெல்லாம் அப்பறம்.

அடுத்தாப்ல விஷ்ணுப்பிரியன்னு ஒரு இஞ்சினியர் தம்பி, கோயமுத்தூர்ல இருந்து கார்ல வந்துச்சு. கையில பெரிய ஸ்கிரீனு. படம் படமாத் தள்ளுச்சு. சதுரச் சதுரமாக் கருங்கல்லு, கல்லுக்குக் கல்லு ரெண்டு விரக்கடை சந்து விட்டு, சந்துல பச்சைப் புல்லு. அடேயப்பா, சிந்துஜா "இதுதாம்மா, இதுதாம்மா"ன்னு குதிச்சா. எனக்கும் புடிச்சுதுங்க, பொய் சொல்லக்கூடாது. "ஏந்தம்பி, இதுல வாக்கர் போகுமா"ன்னு கேட்டேன். "ஆருக்குங்கம்மா வாக்கரு"ன்னுச்சு. "சும்மா கேட்டேன். போகுமா, போகாதா?" தம்பி தலையச் சொறிஞ்சுட்டு, "சந்துல கால் மாட்டுங்கம்மா"ன்னுச்சு. புல்லுக்குத் தினமும் ஆரு தண்ணி ஊத்தறதுன்னு சொல்லி அந்தப் பிள்ளையையும் அனுப்பிட்டேன். சிந்துஜா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா.

இதுக்குள்ள அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு நெனைக்கறீங்க? எங்கூட்டுல இருந்து எவன் டேப்போட வெளிய போனாலும் அவ கூப்பிட்டு நிறுத்தறா! அவளும் அவ ஏழடிக்குக் கொட்டேஷன் கேக்கறா! ராஜமாணிக்கந்தான் போன்ல சொன்னாரு. எனக்கு எப்படி எரிஞ்சுதுங்கறீங்க. இத்தனை வருசமா மண்ணுல நடந்தவளுக்கு நான் போடறேன்னதும் கல்லு கேக்குது. அதும் என்ன மாதிரி கேக்கறா தெரியுங்களா? ரெண்டு காரு ஒண்ணா வந்து திரும்புனாலும் கல்லு நகராம இருக்கோணுமாம். அவங்க ஊட்டுல இருக்கறதே ஒரு பழைய மொபெட்டு. அதும் ஸ்டார்ட் ஆகாது. அப்பறம், வழி தொடங்கற எடத்துல எட்டுக்கு எட்டு கருப்புக் கல்லு வழுவழுன்னு பதிக்கோணுமாம், பெரிய கோலம் போடறதுக்கு. அவளுக்கு ரெண்டும் பசங்க, ஒருத்தன் மஸ்கட்ல, ஒருத்தன் ஓசூர்ல. மார்கழிக்கே நாலு புள்ளி வெச்சுட்டு உள்ள போறவ. அவளுக்கு எதுக்குங்க எட்டுக்கு எட்டு? அதும் ஆவணிக்குள்ள முடிச்சுத் தரோணுமாம். வீம்புதான், வேறென்ன? அவளுது ஏழடி. எட்டுக்கு எட்டுன்னா என்ற பக்கம் ஒரு அடி வருதா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி அங்கலாய்ச்சேன். அவரு பேப்பரை எறக்காமலே, "தானாடாட்டியும் தன் சதை ஆடும்"னாரு. "ஆடறது உங்க தொப்பை. மொதல்ல அதைக் குறைங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மூணாவதுதான் அந்தோணிசாமி மேஸ்திரி. பெருந்துறைக்காரரு. பேச்சு கம்மி. கல்லு மேல் முகத்தை நெருப்புல சுட்டுச் சொரசொரப்பாப் பண்ணி, சந்து இல்லாம நெருக்கிப் பதிக்கறதா சொன்னாரு. படமெல்லாம் இல்லை, போட்ட எடத்தைப் போய்ப் பாருங்கன்னாரு. ஒரு ரைஸ் மில்லுக்காரரு ஊடு. சரின்னு எங்க மகளிர் குழுவுல ஒருத்திகிட்ட அவ மாமியா வெச்சிருந்த வாக்கரைக் கடன் வாங்கிக்கிட்டு, எங்கூட்டுக்காரரையும் இழுத்துக்கிட்டுப் பஸ் ஏறினேன். பஸ்ஸுல எல்லாரும் எந்திரிச்சு அவருக்கு எடம் குடுத்தாங்க. அவரும் கூச்சமில்லாம உக்காந்துக்கிட்டாரு.

அங்க போயி, மில்லுக்காரரு சம்சாரத்துக்கிட்ட ஒரு குடம் தண்ணி கேட்டு வாங்கி, கல்லு மேல ஊத்தி, இவரை வாக்கரைப் புடிச்சு மேலயும் கீழயும் நடக்க உட்டேன். "ஒரு பக்கமாச் சாஞ்சு நடங்க. எடது காலை இழுத்து இழுத்து நடங்க"ன்னு நான் சொல்லச் சொல்ல அவரு அப்படியே நடந்தாரு. எப்படி அவ்வளவு சரியா நடந்தாருன்னு எனக்கே ஆச்சரியம், தினமும் பாக்கறவராட்டம். வழுக்கலைங்க. மாட்டலைங்க. அந்தம்மா பாத்துட்டு மனசு தாங்காம ஹார்லிக்ஸ் கலக்கிட்டு வந்து, "எத்தனை நாளாங்கண்ணா இப்படி"ன்னு கேட்டுச்சு. இந்த மனுசன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாம ரெண்டு டம்ளர் குடிச்சாரு. திரும்பறப்ப வாக்கரைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினாரு. அந்தம்மா கேட்டுல நின்னு பாத்துட்டே இருந்துச்சு.

கல்லு முடிவாயிருச்சு. கொட்டேஷன் வந்துச்சு. வாங்கிப் பாத்தா, பதினாலடிக்கும் சேத்து ஒரே கொட்டேஷன்! "என்ற ஏழடிக்குத்தான கேட்டேன்"ன்னேன். மேஸ்திரி சாவகாசமா, "பாதி வழி நான் போடறதில்லீங்கம்மா. நடுவுல கோடு விழுந்தா தண்ணி அங்கதான் எறங்கும். ஒரு மழைக்காலம் போனா கல்லு எந்திரிச்சுக்கும், என்ற பேரு கெடும். ரெண்டு ஊட்டுக்காரங்களும் ஒண்ணா நின்னு வாட்டம் எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நாளைக்கே ஜல்லி எறக்கறேன்"ன்னுட்டாரு. அந்த ஊட்டுலயும் அதேதான் சொல்லிட்டு வந்திருக்கறாரு.

நிச்சயத்துக்கு மாசம் ஒண்ணுகூட இல்லை. ஆடிச் சாரல் வேற புடிச்சுக்கிச்சு. சன்னல்ல பாத்தா அந்த மனுசன் வாசப்படியோட நிக்கறாரு, எறங்கறதே இல்லை. நான் சன்னலுக்கும் வாசலுக்குமா நடையா நடக்கறேன். மாப்பிள்ளை ஊட்டுக் காரு சேத்துல சிக்கிரும்னுதான். சரி, மேஸ்திரிகிட்டத்தான பேசப் போறோம், அவகிட்டயா பேசப் போறோம்னு மறுநாள் காலையில போய் என்ற பக்கம் நின்னேன். அவளும் வந்து அவ பக்கம் நின்னா. நடுவுல மேஸ்திரி.

"வாட்டத்தை எம்பக்கமே வெச்சுருங்க மேஸ்திரி. தென்னைக்குப் பாயட்டும்"னேன்.

அவ எங்கியோ பாத்துக்கிட்டு, "தென்னை ரெண்டும் பட்டுப்போயி மூணு வருசமாச்சுன்னு சொல்லுங்க மேஸ்திரி"ன்னா.

"புதுசா வெக்கறேன்னு சொல்லுங்க."

"மேட்டுப் பக்கம் எப்படித் தண்ணி ஏறும்னு கேளுங்க."

"வழிய வேணும்னா அந்தப் பக்கம் மண்ணடிச்சு உசத்தச் சொல்லுங்க. கூடுதல் செலவு எங்களுதுன்னு சொல்லுங்க."

அவ முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா. அப்பறம், "கோலக் கல்லு ஒரு அடி அந்தப் பக்கம் வருது. அதுக்கு என்ன சொல்றாங்கன்னு கேளுங்க"ன்னா.

"வந்தா வரட்டும். கல்லு என்ன, கடிக்குமா?"

"வாக்கரு போகுமா இதுலன்னு கேளுங்க."

"அதெல்லாம் போகுங்கக்கா. தண்ணி ஊத்திப் பாத்தாச்சு. எங்கூட்டுக்காரரைக் காலை இழுத்து நடக்க உட்டும் பாத்தாச்சு"ன்னுட்டேன். வாய் தவறி வந்துருச்சு. அவ என்னைத் திரும்பிப் பாத்தா. அத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் நேராப் பாத்தா. தலையெல்லாம் அப்படி நரைச்சுப் போயிருக்கு, எனக்குத் தெரியவே தெரியாது. மேஸ்திரிகிட்ட ஏதாச்சும் சொல்லலாம்னு திரும்பினா ஆளைக் காணோம். எதிர்த்தாப்ல டீக்கடையில நின்னு டீ குடிச்சுட்டு இருக்கறாரு. எப்பப் போனாரோ தெரியலை.

இதைப் பேசுனதுன்னு கணக்குல எடுத்துக்காதீங்க அம்மிணி. மேஸ்திரி நின்ன எடத்தைப் பாத்துத்தான் ரெண்டு பேரும் சொன்னோம்.

வேலை நடந்துச்சு. ஜல்லி வந்துச்சு, அந்த இடிக்கற மெசினு வந்துச்சு, ரெண்டு ஊட்டுப் பாத்திரமும் அலமாரியில தானா ஆடுச்சு. ஆளுகளுக்கு அவ டீ வெச்சா நான் பலகாரம் குடுத்தேன். வீம்புக்குத்தான். நிச்சயத்துக்கு மூணு நாள் முன்னால முடிஞ்சுது.

நிச்சயத்தன்னைக்கு விடியறப்ப தூறல். வெளிய வந்து பாத்தா எட்டுக்கு எட்டு கருப்புக் கல்லு பூராவும் அவ கோலம் போட்டு வெச்சுருக்கறா. தூறல் அழிக்கறதும் அவ மறுபடி இழுக்கறதுமா இருக்கறா. குடையைக் கொண்டுபோய்ப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ரெண்டு கார்ல வந்தாங்க. உக்காந்தாங்க, காப்பி குடிச்சாங்க. தட்டு மாத்தற நேரம் வந்துச்சு. எல்லாரும் வாசலையே பாக்கறாங்க. அந்த ஊட்டுப் படியில அவரு எறங்கினாரு. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. எங்கூட்டுக்காரரு ஓடினாரு புடிக்கறதுக்கு. வேண்டாம்னு தலையாட்டிட்டாரு. கல்லு நனைஞ்சு பளபளன்னு இருக்கு. முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே நிக்கறேன். வாக்கரை வெப்பாரு, காலை இழுப்பாரு. வெப்பாரு, இழுப்பாரு.

வாக்கர் புடிச்ச நாளா அந்த மனுசன் நடக்கறப்ப மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. உச்சந்தலைதான் தெரியும். கண்ணு ரெண்டும் காலடியிலயே இருக்கும், எங்க மாட்டுமோ எங்க வழுக்குமோன்னு. அன்னைக்கு முழுசா நிமிந்து வந்தாரு. எங்க வாசல்ல பட்டுச்சேலையோட சிந்துஜா நின்னுட்டிருந்தா. அவளையே பாத்துக்கிட்டு, வாய் ஒரு பக்கமாக் கோணுனாலும் சிரிச்சுக்கிட்டு, அங்கிருந்து இங்க வரைக்கும் வந்து சேந்தாரு. தட்டை வாங்கினாரு. நான் அத்தனை பேருக்கு முன்னால அழுதுட்டேன். பக்கத்துல அவளும் அழுதா. ஆரு மொதல்ல கையைப் புடிச்சாங்கன்னு எனக்கு ஞாபகமில்லை.

ஆனா எனக்கு ஒரு கொறை உண்டுங்க அம்மிணி. ஆருகிட்டயும் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். மூணு பேருகிட்டக் கொட்டேஷன் வாங்கி, ஆரோ ஊட்டு வாசல்ல தண்ணி ஊத்தி, கட்டுன புருசனை நொண்ட உட்டு, பாத்துப் பாத்துப் போட்ட கல்லு. அந்த மனுசன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குனிஞ்சு அதைப் பாத்திருக்கக் கூடாதா?